ஃப்ளட்டர் ஆப்பும் கிளவுட் டேட்டாபேஸும்: முதலில் பூட்டு, அப்புறம் திரை

"டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ஆப்பில் எந்த ஃபைலில் வைக்கலாம்?" மொபைல் ஆப் எழுதும் கருவியான ஃப்ளட்டரில் திரைகள் வரையப் பழகிவிட்டு, அடுத்து தரவைச் சேமிக்கலாம் என்று வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். எந்த ஃபைலிலும் வைக்கக் கூடாது. மறைத்து வைத்தாலும் சரி, உருமாற்றி வைத்தாலும் சரி, ஆப்புக்குப் படிக்க முடிந்ததை அந்த ஆப்பைக் கையில் வைத்திருப்பவராலும் படிக்க முடியும். ஆண்ட்ராய்டு ஆப் போனில் வந்து இறங்கும் ஏபிகே என்பது அடிப்படையில் ஒரு ஜிப் ஃபைல். அதைப் பிரித்து உள்ளே கிடக்கும் எழுத்துகளைத் தேடி எடுக்கும் இலவசக் கருவிகள் யாருக்கும் கிடைக்கும்.

பாஸ்வேர்டு தொல்லை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், போனிலிருந்து நேராக டேட்டாபேஸைத் தொடுவது சரிவராது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் சர்வரில் தனியாக ஒரு ப்ராசஸ் ஓடும். ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்பதற்கு அதில் இயல்பாக இருக்கும் வரம்பு 100. போன்களோ வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கும், அங்கிருந்து திரும்பவும் தாவிக்கொண்டே இருப்பவை. பாதியில் அறுந்த இணைப்புகளே அந்த 100 இடத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும். அதனால் நடுவில் ஒரு ஏபிஐ, அதாவது கோரிக்கையை வாங்கிப் பதில் தரும் ஒரு வாசல், வேண்டும். போன் எச்டிடிபிஎஸ் வழியாக அதனிடம் கேட்கும், தான் யார் என்பதற்கு ஒரு டோக்கனைக் காட்டும், அந்த ஆளுக்கு உரியதை மட்டும் டேட்டாபேஸ் கொடுக்கும். இந்த மூன்றையும் சரியாக அமைப்பதுதான் வேலை.

இதை நான் எழுதிய ஒரு ஆப்பை வைத்தே சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை மூன்றையும் குறித்து வைப்பதற்கான ஆப் அது. அப்பா தன் ஆண்ட்ராய்டு போனில் அளவைப் பதிவார். அக்கா தன் ஐபோனில் பார்ப்பாள். சின்ன ஆப்தான். ஆனால் ஒருவருடைய உடம்பைப் பற்றிய விவரம், அவர் அனுமதிக்காத யார் கண்ணிலும் படக்கூடாது. அந்த ஒரு நிபந்தனையே இந்த வேலையின் எல்லாக் கடினமான கேள்விகளையும் இழுத்து வந்துவிடும்.

எந்தச் சேவை?

நான் எடுத்தது சூபாபேஸ் என்ற கிளவுட் டேட்டாபேஸ் சேவை. உள்ளே இருப்பது சாதாரண போஸ்ட்கிரெஸ் என்பதுதான் முக்கியக் காரணம். கூகுளின் ஃபயர்ஸ்டோரும் நல்ல தேர்வுதான்; இணையம் இல்லாதபோதும் போனிலேயே தரவை வைத்துக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸிலும் அதில் இயல்பாகவே வரும். இருந்தாலும் இந்தத் துறையில் சேவைகள் மூடப்படுவது வழக்கமான ஒன்று. ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய பார்ஸ் சேவை 2017 ஜனவரியில் நின்றது. மாங்கோடிபி தன் ரியல்ம் சிங்க் சேவையை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்து, 2025 செப்டம்பர் 30-உடன் முடித்துக்கொண்டது. அதைப் பயன்படுத்தச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்னும் தேடலில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைப் பின்பற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜி டம்ப் என்ற ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேறு சர்வருக்குப் போகலாம். பல வருட அளவுகள் சேரப்போகும் ஆப்புக்கு இந்த வழி திறந்திருப்பது எனக்கு முக்கியம்.

புராஜெக்ட் உருவாக்கும்போது ரீஜன் (சர்வர் இருக்கும் பகுதி) எது என்று கேட்கும். ஆப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மாற்ற வேண்டுமென்றால் புதிய புராஜெக்ட் தொடங்கித் தரவை நகர்த்துவதுதான் வழி. அப்போதே ஒரு டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் வைக்கச் சொல்வார்கள். அதை ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில் போட்டு வையுங்கள். பேக்கப் எடுக்கும்போது அது தேவைப்படும். ஆப்புக்குள் அதற்கு எந்த வேலையும் இல்லை.

டேபிள்

என் முக்கிய டேபிளின் பெயர் ரீடிங்ஸ். ஒவ்வொரு ரோவிலும் ஐடி, யாருடையது, எந்த வகை அளவு, மதிப்பு, எப்போது எடுத்தது, ஒரு சிறு குறிப்பு. இதில் யோசிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது ஐடி. 1, 2, 3 என்று சர்வர் எண் போடும் வகையை விட்டுவிட்டு யூயூஐடி (ஒன்றோடொன்று மோதாத நீண்ட அடையாள எண்) வகையை வையுங்கள், அதையும் போனிலேயே உருவாக்குங்கள். காரணம் கீழே சேமிப்பதைப் பற்றிச் சொல்லும்போது வரும்.

இரண்டாவது, யாருடையது என்ற ஃபீல்டு. இதன் இயல்பு மதிப்பாக, லாகின் செய்திருப்பவரின் ஐடியைத் தரும் ஆத் யூஐடி ஃபங்ஷனைக் கொடுத்துவிடுங்கள். ஆப் அந்த ஃபீல்டை அனுப்பவே வேண்டாம். டோக்கனைப் பார்த்து டேட்டாபேஸே நிரப்பிக்கொள்ளும். இந்த ஃபீல்டுக்கு, தேடலை வேகப்படுத்தும் ஒரு இண்டெக்ஸும் போடுங்கள். இனி வரும் ஒவ்வொரு கேள்வியும் இதை வைத்துத்தான் வடிகட்டப்படும்.

மூன்றாவது நேரம். டைம்ஸ்டாம்ப் வகை இரண்டு உண்டு. நேர மண்டலத்தைக் கணக்கில் எடுக்கும் டைம்ஸ்டாம்ப்டிஇசட் வகையைத்தான் எடுக்க வேண்டும். சாப்பிடுவதற்கு முன் எடுத்த சர்க்கரை அளவு, பின் எடுத்ததுபோல் தெரிந்தால் அந்தப் பதிவால் பயனில்லை; தவறான முடிவுக்கும் கொண்டுபோகும்.

பூட்டு

திரை ஒன்றைக்கூட எழுதுவதற்கு முன் இங்கே நிறுத்தி, நேரம் எடுத்துச் செய்யுங்கள். சூபாபேஸ் உங்கள் டேபிள்களுக்கு ஏபிஐயைத் தானாகவே உருவாக்கிவிடும். அதற்கான முகவரியும் கீயும் ஆப்போடு சேர்ந்து வெளியே போகும். அவை ரகசியமல்ல. எனவே யார் எதைப் பார்க்கலாம் என்பதை முடிவு செய்யும் ஒரே இடம், ஒவ்வொரு ரோவாகப் பார்த்து அனுமதிக்கும் ரோ லெவல் செக்யூரிட்டி, சுருக்கமாக ஆர்எல்எஸ். போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பில், 2016-இல் வந்த வசதி இது.

போஸ்ட்கிரெஸைப் பொறுத்தவரை புதிய டேபிளில் ஆர்எல்எஸ் ஆஃப் ஆகத்தான் இருக்கும். டாஷ்போர்டின் டேபிள் எடிட்டரில் உருவாக்கினால் அது ஆன் செய்யப்பட்டே வரும். டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல் எழுதி உருவாக்கினால், அடுத்த வரியிலேயே ஆல்டர் டேபிள் கட்டளையால் நீங்களே ஆன் செய்யுங்கள். ஆன் செய்து பாலிசி (யாருக்கு எது என்ற விதி) எதுவும் எழுதாவிட்டால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. அந்த நிலையிலிருந்து தொடங்கி, தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள்.

செலக்ட் (படிப்பது), இன்சர்ட் (சேர்ப்பது), அப்டேட் (மாற்றுவது), டெலிட் (அழிப்பது) ஒவ்வொன்றுக்கும் தனிப் பாலிசி எழுதுவது என் பழக்கம். நான்கையும் ஒரே பாலிசியில் அடக்கலாம்தான். ஆனால் ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது தனித்தனியாக இருப்பதுதான் புரியும். செலக்ட் பாலிசியில் யூசிங் என்ற பகுதி, ஏற்கெனவே இருக்கும் ரோவைச் சோதிக்கும். இன்சர்ட்டில் வித் செக் என்ற பகுதி, புதிதாக வரும் ரோவைச் சோதிக்கும். அப்டேட்டில் இரண்டுமே உண்டு: பழைய ரோ உன்னுடையதுதானா, மாற்றிய பிறகும் அது உன்னுடையதாகவே இருக்கிறதா? வித் செக்கை விட்டுவிட்டால் யூசிங்கில் உள்ளதையே போஸ்ட்கிரெஸ் இரண்டுக்கும் எடுத்துக்கொள்ளும். இருந்தாலும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். நிபந்தனை எல்லாவற்றிலும் ஒன்றுதான்: யாருடையது என்ற ஃபீல்டும் ஆத் யூஐடியும் சமம். அந்த ஃபங்ஷனை அடைப்புக்குறிக்குள் செலக்ட் போட்டுச் சுற்றி எழுதினால், ஒவ்வொரு ரோவுக்கும் திரும்பத் திரும்ப அழைக்காமல் ஒருமுறை மட்டும் அழைக்கும். டேபிள் பெரிதாகும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அக்கா அப்பாவின் அளவைப் பார்க்க இன்னொரு டேபிள் வைத்தேன்: யாருடையதை யார் பார்க்கலாம் என்று இரண்டே ஃபீல்டு. ரீடிங்ஸின் செலக்ட் பாலிசியில், அந்த டேபிளில் இப்படி ஒரு ரோ இருக்கிறதா என்று எக்ஸிஸ்ட்ஸ் மூலம் பார்க்கிறேன். அனுமதி டேபிளுக்கும் ஆர்எல்எஸ் வேண்டும், ரோவைச் சேர்க்கும் உரிமை அளவுக்குச் சொந்தக்காரரிடம் மட்டும் இருக்க வேண்டும். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொள்வார். அனுமதி டேபிளின் பாலிசி திரும்ப ரீடிங்ஸைப் பார்க்கும்படி எழுதிவிடாதீர்கள். ஒன்று மற்றொன்றைக் கேட்க, அது இதைக் கேட்க, முடிவில்லாச் சுழற்சி என்று போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நின்றுவிடும்.

பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று: வியூ, அதாவது டேபிள்போல் பயன்படுத்தப் பெயர் கொடுத்துச் சேமித்துவைத்த கேள்வி. வாராந்திர சராசரிக்கு என்று ஒரு வியூ உருவாக்கினால், அது இயல்பாக அதை உருவாக்கியவரின் உரிமையில்தான் ஓடும். உருவாக்கியது நிர்வாகக் கணக்கு என்றால் ஆர்எல்எஸ் அங்கே வேலை செய்யாது. எல்லோருடைய சராசரியும் எல்லோருக்கும் தெரியும். போஸ்ட்கிரெஸ் 15-இலிருந்து செக்யூரிட்டி இன்வோக்கர் என்ற அமைப்பு இருக்கிறது. வியூ உருவாக்கும்போதே அதை ட்ரூ என்று வைத்துவிடுங்கள்.

சரி, பூட்டு வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? டாஷ்போர்டின் எஸ்க்யூஎல் எடிட்டரில் கேட்டுப் பார்த்தால் தெரியாது. அது நிர்வாக உரிமையில் ஓடுவதால் எல்லா ரோவும் வரும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சோதனைக் கணக்குகள் உருவாக்குங்கள். முதலாவதில் சில அளவுகளைப் பதியுங்கள். இரண்டாவதில் லாகின் செய்து ரீடிங்ஸ் முழுவதையும் கேளுங்கள். வெற்றுப் பட்டியல் வர வேண்டும். பிறகு முதலாவது கணக்கின் ஒரு ரோவின் ஐடியைக் கொடுத்து மாற்றவும் அழிக்கவும் முயலுங்கள். பிழைச் செய்தி வராது; எதுவும் மாறாமல் அமைதியாகத் திரும்பும். ஆர்எல்எஸ் மறைத்த ரோ, கேட்பவரைப் பொறுத்தவரை இல்லாத ரோதான். இன்சர்ட் மட்டும் வேறு மாதிரி: அடுத்தவர் ஐடியைப் போட்டுச் சேர்க்கப் பார்த்தால் 42501 என்ற எண்ணுடன் பிழை வரும். கடைசியாக, லாகின் செய்யாமலேயே கேட்டுப் பாருங்கள். புதிய டேபிள் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைத் திரும்ப ஓட்டுவேன்.

கீ இரண்டு, ஆப்புக்கு ஒன்று

டாஷ்போர்டில் இரண்டு வகைக் கீ இருக்கும். பழைய பெயரில் அனான், சர்வீஸ் ரோல். புதிய பெயரில் பப்ளிஷபிள், சீக்ரெட். ஆப்புக்குள் போகவேண்டியது முதல் வகை மட்டும். இரண்டாவது வகை ஆர்எல்எஸ் எல்லாவற்றையும் தாண்டிப் போகும். பாலிசி எழுதி ஏதோ வரவில்லை என்ற எரிச்சலில், சர்வீஸ் ரோல் கீயைப் போட்டால் எல்லாம் வேலை செய்கிறது என்று அதையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தன் உடல்நிலையை உங்களை நம்பிப் பதிகிறவருக்கு, அந்தக் கீ வெளியே போனது தெரியவே வராது.

ஆப் பக்கம்

இங்கே வேலை குறைவு. ஃப்ளட்டர் பப் ஆட் கட்டளையில் சூபாபேஸ் ஃப்ளட்டர் பேக்கேஜைச் சேர்க்கவும். மெயின் ஃபங்ஷனை அசிங்க் ஆக்கி, விட்ஜெட்ஸ் ஃப்ளட்டர் பைண்டிங்கின் என்ஷூர் இனிஷியலைஸ்டை முதலில் அழைத்து, அதன் பிறகு சூபாபேஸின் இனிஷியலைஸுக்கு முகவரியையும் கீயையும் கொடுத்து அவெய்ட் செய்யவும். ரன்ஆப் அதற்குப் பிறகுதான். முகவரியையும் கீயையும் டார்ட் டிஃபைன் மூலம் பில்ட் செய்யும்போது கொடுப்பது நல்லது. அது ரகசியம் காக்க அல்ல. சோதனைக்கு ஒரு புராஜெக்ட், நிஜப் பயன்பாட்டுக்கு ஒரு புராஜெக்ட் என்று பிரித்து வைத்துக்கொள்ளத்தான். சோதனைக் கணக்கின் கற்பனை எண்கள் அப்பாவின் வரைபடத்தில் கலந்துவிடக்கூடாது, இல்லையா?

லாகினுக்கு ஈமெயிலும் பாஸ்வேர்டும் போதும். டோக்கனைப் போனில் சேமிப்பது, இயல்பாக ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் அதைப் புதுப்பிப்பது எல்லாம் பேக்கேஜே பார்த்துக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது, லாகின் நிலை மாறும்போது வரும் ஆன் ஆத் ஸ்டேட் சேஞ்ச் ஸ்ட்ரீமைக் கேட்டுக்கொண்டிருந்து, அதற்கேற்ப திரையை மாற்றுவது.

தரவை எடுக்கும்போது ஃப்ரம், செலக்ட், ஆர்டர், லிமிட் என்று சங்கிலியாக எழுதலாம். லிமிட்டை விட்டுவிடாதீர்கள். ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 1000 ரோ என்று சூபாபேஸ் இயல்பாகவே ஒரு வரம்பு வைத்திருக்கிறது, அதைத் தாண்டியது சத்தமில்லாமல் விடுபடும். அளவுகள் சேரச் சேர வரைபடத்தில் ஒரு பகுதி மட்டும் காணாமல்போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. மாதம் மாதமாக ரேஞ்ச் போட்டு எடுங்கள்.

சர்வர் அனுப்பும் ஜேசான் வடிவத் தரவை, ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டின் ஆப்ஜெக்டாக மாற்றும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. எடை 62.5 என்று பதிந்தால் அது டபுளாக (புள்ளி உள்ள எண்) வரும். மறுநாள் சரியாக 62 என்று பதிந்தால் ஜேசானில் புள்ளி இல்லாமல் வெறும் 62 என்று வரும், டார்ட் அதை இன்ட் (முழு எண்) என்று எடுத்துக்கொள்ளும். டபுள் என்று காஸ்ட் செய்திருந்தால், 'டைப் இன்ட் இஸ் நாட் எ சப்டைப் ஆஃப் டைப் டபுள்' என்று ஆப் விழும். வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு முழு எண் வந்ததும் விழுவதால் காரணம் பிடிபடத் தாமதமாகும். இரண்டுக்கும் பொதுவான 'நம்' (num) வகையாகக் காஸ்ட் செய்து டூடபுள் அழையுங்கள், தீர்ந்தது.

நேரத்திலும் அப்படித்தான். டார்ட்டில் டேட்டைம் நவ் எடுத்து நேராக டூ ஐஎஸ்ஓ 8601 ஸ்ட்ரிங் ஆக்கினால், எந்த நேர மண்டலம் என்ற குறிப்பு அதில் இருக்காது. சர்வர் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று நினைத்துச் சேமிக்கும், உங்கள் நேரத்துக்கும் யூடிசிக்கும் உள்ள வித்தியாசம் அளவுக்குப் பதிவு நகர்ந்துவிடும். அனுப்பும்போது டூயூடிசி, காட்டும்போது டூலோக்கல். இந்த இரண்டையும் மாடல் கிளாஸுக்குள் ஒரே இடத்தில் வைத்துவிட்டால் திரைகளில் மறக்க வாய்ப்பில்லை.

சேமிப்பது

இப்போது யூயூஐடிக்கு வருவோம். அப்பா சேமி பட்டனை அழுத்துகிறார். தகவல் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் திரும்புவதற்குள் சிக்னல் போய்விட்டது. ஆப்பைப் பொறுத்தவரை தோல்வி, சர்வரைப் பொறுத்தவரை வெற்றி. அவர் மறுபடி அழுத்துகிறார். ஐடியைச் சர்வர் போட்டால் ஒரே அளவு இரண்டு முறை பதிவாகும். போனிலேயே ஐடி உருவாகி, அதே ஐடியுடன் அப்சர்ட் (இருந்தால் மாற்று, இல்லையென்றால் சேர்) செய்தால் இரண்டாவது முறை வந்தது முதலாவதன் மேலேயே உட்காரும். அப்சர்ட்டுக்கு இன்சர்ட், அப்டேட், செலக்ட் மூன்று பாலிசிகளும் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சிக்னலே இல்லாத நேரத்துக்கு சூபாபேஸில் தானாக வரும் வசதி கிடையாது. போனிலேயே இருக்கும் சிறு டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டில் அனுப்ப வேண்டியவை என்று ஒரு சின்ன டேபிள் வைத்திருக்கிறேன். அளவு முதலில் அதில் விழும், திரையில் உடனே தெரியும். சர்வர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அதிலிருந்து நீக்குவேன். ஐடி போனிலேயே இருப்பதால் எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் கவலையில்லை. இரண்டு போனில் ஒரே ரோவை மாற்றினால் எது நிற்க வேண்டும் என்ற பெரிய கேள்வி இந்த ஆப்பில் எழவில்லை, எழுதுகிறவர் ஒருவர்தான்.

உடனுக்குடன் அக்காவின் போனில் தெரிய வேண்டுமென்றால் ஸ்ட்ரீம் பயன்படுத்தலாம். அதற்கு டாஷ்போர்டில் அந்த டேபிளுக்கு ரியல்டைமை ஆன் செய்ய வேண்டும். நான் ஆன் செய்யவில்லை. திரையைத் திறக்கும்போதும் கீழே இழுக்கும்போதும் புதுப்பித்தால் இதற்குப் போதும்.

வெளியிடும் முன்

கணினியில் இணைத்து ஓட்டும்போது எல்லாம் நன்றாக ஓடி, ரிலீஸ் பில்டில் மட்டும் 'ஃபெயில்டு ஹோஸ்ட் லுக்கப்' என்று வந்தால் சர்வரைக் குறைசொல்லாதீர்கள். ஃப்ளட்டர் உருவாக்கித் தரும் ஆண்ட்ராய்டு புராஜெக்டில் டீபக், ப்ரொஃபைல் மேனிஃபெஸ்ட்களில் (ஆப்புக்கு வேண்டிய அனுமதிகளைச் சொல்லும் ஃபைல்கள்) மட்டும்தான் இன்டர்நெட் அனுமதி இருக்கும். மெயின் ஃபோல்டரில் உள்ள மேனிஃபெஸ்டில் அந்த வரியை நீங்கள் சேர்க்க வேண்டும். வேறு ஏதாவது பேக்கேஜ் அந்த அனுமதியைத் தானாகக் கொண்டுவரலாம். அதை நம்பி இருக்க வேண்டாம். ஐஓஎஸில் இந்தத் தேவை இல்லை. மேக் கணினிக்கும் பில்ட் செய்தால் என்டைட்டில்மென்ட்ஸில் நெட்வொர்க் கிளையன்ட் அனுமதி வேண்டும்.

இலவசத் திட்டத்தில் ஒரு வாரம் யாரும் தொடாத புராஜெக்டை சூபாபேஸ் நிறுத்திவைக்கும். டாஷ்போர்டில் போய்த் திரும்ப எழுப்ப வேண்டியிருக்கும். பயன்பாட்டில் உள்ள ஆப்புக்கு இதை முன்பே யோசித்துக் கட்டணத் திட்டம் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். எந்தத் திட்டமானாலும் பிஜி டம்ப் எடுத்து உங்கள் கணினியில் ஒரு பிரதி வையுங்கள். எடுத்ததை ஒருமுறையாவது வெற்று போஸ்ட்கிரெஸ் ஒன்றில் ஏற்றி, ரோக்களின் எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பிரதியில் எல்லோருடைய அளவுகளும் பூட்டில்லாமல் இருக்கும், ஆகவே என்க்ரிப்ட் செய்த டிஸ்க்கில்தான் அது இருக்க வேண்டும்.